பக்கச்சுவரில் எழுதியிருந்தவை

மார்ச் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு வெப்பநிலை ஒன்பது டிகிரி. மெல்லிய மூடுபனி, காற்றில்லை, சாலை உலர்ந்திருந்தது. இவற்றை நாள்தோறும் கடையின் கரும்பலகையில் எழுதி வைப்பது என் வழக்கம். டயர் விற்குமிடத்தில் வானிலை என்பது பொழுதுபோக்குச் செய்தி அன்று. ரப்பர் குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும், நீரில் வழுக்கும். ஆதலின் வானத்தைப் பாராமல் டயரைப் பரிந்துரைப்பவன் நோயாளியைப் பாராமல் மருந்து கொடுப்பவனுக்கு ஒப்பாவான்.

கடை திறந்து அரைமணி நேரத்தில் என் தம்பி தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அந்தக் காரைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். இரண்டே இருக்கைகள். தரையோடு ஒட்டிய உயரம். எஞ்சின் முன்னே இருக்கும். உந்துதல் பின்சக்கரங்களுக்குச் செல்லும். பதினோர் ஆண்டுகளுக்கு முன் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் கதவுகளின்றிக் கிடந்ததை அவன் கயிறு கட்டி இழுத்து வந்தான். அவன் கடைசல் பட்டறைத் தொழிலாளி. எங்கும் கிடைக்காத உதிரிப் பாகங்களைத் தன் கையாலேயே கடைந்து பொருத்தினான். சென்ற ஆண்டின் இறுதியில்தான் அந்தக் கார் முழுமை பெற்றது. அதற்கு அடுத்த மாதம் அவனுடைய இடது கணைக்கால் எலும்பில் புற்றுக்கட்டி இருப்பது தெரியவந்தது.

கதவு திறந்தது. முதலில் இரண்டு ஊன்றுகோல்கள் வெளியே வந்தன. பிறகு அவன் வந்தான்.

"என்னடா, காலை ஊனவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ கார் ஓட்டிட்டு வர்றே?"

"உக்காந்துதானேண்ணா ஓட்டறேன்? காரைத் தலையிலயா சுமந்துட்டு வந்தேன்?"

வீல் பேலன்சிங் இயந்திரத்தில் வேலை செய்பவரை நாங்கள் பேலன்ஸ் என்றே அழைப்போம். அவர் நடையில் மட்டும் அது இருக்காது; கப்பலில் நடப்பவர்போல் இருபுறமும் ஆடி வருவார். அவர் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். தம்பி உட்கார்ந்தான், இடது காலைக் கையால் தூக்கி முன்னே நீட்டி வைத்துக்கொண்டான்.

"தேதி குடுத்துட்டாங்கண்ணா. பத்தொன்பது, வியாழக்கிழமை காலையில. காலை முட்டிக்கு மேல எடுக்கறாங்களாம். முந்தின நாள் மூணு மணிக்கே வந்து படுத்துடணுமாம்."

அவனே தொடர்ந்தான்.

"அதுக்குள்ள ஒரே ஒரு தடவை இதை மலை ரோட்டுல ஏத்தி எறக்கணும். பன்னண்டு வளைவும். என் காலாலயே கிளட்ச் மிதிச்சு. ஞாயித்துக்கிழமைன்னு நெனச்சிருக்கேன். நல்ல டயரா நாலு போட்டுக் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

"ஆட்டோமேட்டிக் வண்டின்னா ஒரு காலே போதுமே தம்பி?" என்றார் பேலன்ஸ், ஆறுதலாக.

"போதும்ணே. பல்செட்டு வெச்சுக்கிட்டும் சிரிக்கலாம், இல்லேங்கல."

இதுவே அவன் என்னிடம் கேட்டது. அவன் வேறொன்றையும் என்னிடம் எக்காலத்தும் கேட்டவன் அல்லன்.

அன்று முற்பகல் முழுவதும் நாங்கள் டயர் தேர்ந்தெடுப்பதில் கழித்தோம். விலைப்பட்டியல் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு அவன் ஒரு படத்தைச் சுட்டிக் காட்டினான். அது பந்தயத் திடலுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட வகை. அதன் மேற்புறம் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும்.

"இதைப் பாரு. கோடே இல்ல, மொட்டை டயர் மாதிரி. பந்தயக்காரங்க இதான் போடறாங்களாம்."

"அது சூடேறினாத்தான் பிடிக்கும். காலையில மலையில ஏழு டிகிரி இருக்கும். கல்லுல செதுக்கின சக்கரம் மாதிரி உருளும். மூணாவது வளைவுலயே பள்ளத்துல கிடப்பே."

"ஒரு தடவை ஓட்டறதுக்கு, தேயுமா தேயாதான்னு பாக்க வேணாம்னு சொல்ல வந்தேன்."

"தேயறது வேற, பிடிக்கறது வேற."

"சரிங்க வாத்தியாரே."

நான் எழுத்துக் கற்றதிலிருந்து அவன் என்னை அவ்வாறு அழைப்பதுண்டு. நான் அதனை ஏற்றுக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது எனப்படும் டயரையும் விலக்கினேன். அதன் பட்டன்கள், அஃதாவது மேற்புறத்துக் கட்டங்கள், மென்மையானவை, வளைவில் நெளியும். ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பினால் கார் சற்று யோசித்த பிறகே திரும்பும். தம்பியின் கார் யோசிக்கும் கார் அன்று. எஞ்சியது ஒன்றே: வேகத்துக்கென்று செய்யப்பட்ட சாலை டயர். நடுவில் நீரை வெளியேற்றும் அகன்ற கால்வாய்கள். வெளி விளிம்பில் இடைவெளியற்ற கெட்டியான பட்டன்கள். குளிர்ந்த சாலையிலும் ஈரத்திலும் நழுவாத கலவை. முன்சக்கரத்துக்கு ஓர் அளவு, பின்சக்கரத்துக்கு அதைவிட அகலமான மற்றோர் அளவு. இவ்விரண்டு அளவுகளிலும் அவ்வகை எங்கள் கடையில் இருப்பில்லை. கிடங்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். வியாழக்கிழமை வரும் என்றார்கள்.

இனி நான் செய்ததைக் கூற வேண்டும். அதற்கு முன் அதன் காரணத்தையும் கூற வேண்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதிருந்த காலத்தில் இதே தொழிலில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். அளவைக் கையால் சாண் போட்டறிவேன். வகையைப் பட்டனின் அமைப்பைக் கொண்டறிவேன். ஒருமுறை பின்வரிசை அடுக்கிலிருந்து கறுப்பு மின்னும் இரண்டு டயர்களை எடுத்து ஒரு குடும்பத்தின் வண்டிக்கு மாட்டினேன். அவை பதினோர் ஆண்டு பழையவை. அந்தச் செய்தி அவற்றின் பக்கச்சுவரிலேயே, அஃதாவது டயரின் பக்கவாட்டிலேயே, நான்கு இலக்கங்களில் பொறிக்கப்பட்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மூன்று வாரங்களில் ஒன்று வெடித்தது. வண்டி கவிழ்ந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் அதன்பின் எழுந்து நடக்கவேயில்லை. நாற்பத்து மூன்றாம் வயதில் நான் மாலை வகுப்பில் சேர்ந்ததற்கு அவரே காரணம். அன்று முதல் பக்கச்சுவரில் எழுதியிருப்பதை முற்றும் படிக்காமல் நான் ஒரு டயரையும் மாட்டியதில்லை. கழற்றிய பழைய டயர் எவர் கையிலும் மீண்டும் சிக்காதிருக்க, அதனை அன்றே இரண்டிடத்தில் கத்தியால் அறுத்துவிட வேண்டும் என்னும் விதியையும் நானே வகுத்தேன். முதலாளி ஒப்புக்கொண்டார். எட்டு ஆண்டுகளாக அவ்விதி எங்கள் கடையில் ஒருமுறையும் மீறப்படவில்லை.

அன்று மாலை காரை நான்கு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றினேன். ஒரு ரிம் சற்றுக் கோணியிருந்தது; அதனை நிமிர்த்தி, மற்றவற்றையும் சோதிக்க வேண்டும் என்பதற்காக நான்கு சக்கரங்களையும் கழற்றினேன். ரிம்களிலிருந்து பழைய டயர்களைப் பிரித்தேன். பட்டன்கள் பாதிக்கு மேல் மிச்சமிருந்தன. ஆனால் ஆண்டு ஏழாகியிருந்தது. கால்வாய்களின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தென்பட்டன. கத்தியை எடுத்தேன்.

"புதுசு வரட்டுமேண்ணா. அதுவரைக்கும் இது கிடக்கட்டுமே" என்றான் தம்பி.

"வெட்டாம போட்டா, டயருக்குக் கால் முளைச்சிடும்டா."

சொல்லி முடித்த பிறகே என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. பேலன்ஸ் தலை குனிந்துகொண்டார்.

"அப்படியா? அது எந்தக் கம்பெனின்னு சொல்லு, எனக்கும் ஒண்ணு ஆர்டர் போடு" என்றான் தம்பி.

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான்கையும் அறுத்தேன்.

வியாழக்கிழமை, பன்னிரண்டாம் நாள். பலத்த காற்று, வானில் மேகம். பதினொரு மணிக்கு வேன் வந்தது. நான்கு டயர்களையும் இறக்கி வரிசையாகச் சாய்த்து வைத்து, மண்டியிட்டுப் படித்தேன். அளவு சரி. சுமைக் குறியீடு சரி. வேகக் குறியீடு சரி. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 2322. முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. இருபத்து மூன்றாம் வாரம். செய்து மூன்று ஆண்டும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தன. மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதை மாட்டுவதில்லை என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட எல்லை.

தம்பி வாடகைக் காரில் வந்திருந்தான். வலிக்கான மாத்திரையினால் அவன் கண்கள் சற்றுச் சொருகியிருந்தன.

"பாத்தா புதுசாத்தானே இருக்கு?"

"பாத்தா பதினோரு வருஷ டயரும் புதுசாத்தான் இருந்துச்சு."

கிடங்குக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அண்ணே, கூரைக்குக் கீழ, வெயில் படாம, நிக்க வெச்சிருந்தது. புதுசு மாதிரியே இருக்கும்" என்றார்.

"மாதிரி வேணாம். புதுசு வேணும்."

"டயர் கேக்கறீங்களா, பச்சைக் குழந்தை கேக்கறீங்களா?"

"சனிக்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா?"

"முடியும். ஆனா இதுல ஒரு குத்தமும் இல்லேண்ணே. எழுதி வெச்சுக்கங்க."

தம்பி என் கையைப் பிடித்தான். "மாட்டிடுண்ணா. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தானே. அதுக்குள்ள வயசாயிடாது."

முறையாக வைக்கப்பட்ட டயர் ஐந்தாண்டு வரை புதியதாகவே கொள்ளத்தக்கது என்று உற்பத்தியாளரின் கையேடு கூறுகிறது. அக்கையேட்டை நான் இருமுறை படித்திருந்தேன். இருந்தும் வேனில் திருப்பி ஏற்றச் சொன்னேன். வேறொருவரின் காராக இருந்திருந்தால் ஒருவேளை மாட்டியிருப்பேன். என் தம்பியின் கார் அது. அவனுக்கு அப்பழுக்கற்றதையே தருவது என்று மனத்தில் உறுதி செய்திருந்தேன்.

"பால் பாக்கெட்டுக்குத் தேதி பாக்கலாம். இவரு டயருக்கு ஜாதகம் பாக்கறாரு" என்று பேலன்ஸ் எனக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தார்.

சனிக்கிழமை பதினான்காம் நாள், தெளிந்த வானம், பதினைந்து டிகிரி. பிற்பகல் இரண்டு மணிக்குத் தம்பியின் மனைவி தனியாகக் கடைக்கு வந்தாள். அவள் என்னிடம் அதிகம் பேசுபவள் அல்லள். தேநீர் வேண்டாம் என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, இன்னிக்கு எப்படியாவது மாட்டிடுங்க."

"வந்துட்டே இருக்கும்மா. இப்ப வேன் வந்துடும்."

"ஒவ்வொரு நாளும் வலி ஏறிக்கிட்டே போகுது. உங்ககிட்ட சிரிச்சுப் பேசறாரு. வீட்டுல தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. நாளைக்கு ஓட்டிடுவாரு. அதுக்கு மேல ஓட்டுவாரான்னு எனக்குத் தெரியல."

"நாளைக்கு ஓட்டுவான். நான் சொல்றேன்ல?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்தது. நான்கு டயர்கள். 4825 என்றிருந்தது: சென்ற ஆண்டின் நாற்பத்தெட்டாம் வாரம். மூன்றரை மாதக் குழந்தைகள். என் மகிழ்ச்சியை மறைக்காமல் பேலன்சை அழைத்துக் காட்டினேன். பின்சக்கரத்துக்கான இரண்டையும் படித்து முடித்து முன்சக்கரத்துக்கான இரண்டிடம் வந்தேன். அளவுக்கு அடுத்தாற்போல், நகக்கண் அளவில், ஒரு நட்சத்திரம் பொறிக்கப்பட்டிருந்தது.

அந்நட்சத்திரத்தின் பொருளை விளக்குகிறேன். சில கார் நிறுவனங்கள் தங்கள் காருக்கென்று அதே டயரைச் சிறு மாற்றங்களுடன் செய்து தரச் சொல்லும். பெயர் ஒன்று, வடிவம் ஒன்று; ரப்பரின் கலவையும் உட்புற நூலடுக்கும் சற்று வேறு. அதற்கு அடையாளமாக ஒரு குறி இடுவார்கள். முன்னே குறியுள்ளதும் பின்னே குறியில்லாததும் கலந்தால் இரண்டும் ஒரே வகையில் பிடிக்கா என்பது விதி. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் அதனை ஓட்டிப் பார்த்து அறிய மாட்டார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது மாட்டுநர்கள் அந்நட்சத்திரத்தைக் காணவே மாட்டார்கள். நான் கண்டேன்.

"இது ரெண்டும் ஆகாது" என்றேன்.

தம்பியின் மனைவி அருகில் வந்து குனிந்து பார்த்தாள். "எது ஆகாது?"

"இந்தக் குறி. இது வேற காருக்குச் செஞ்சது."

"உருளாதா?"

"உருளும்மா. ஆனா சரியில்ல."

பேலன்ஸ் குறுக்கிட்டார். "அப்ப முன்னாடிக்கு நம்ம கடைச் சாதா டயர் ரெண்டு மாட்டு. அளவு இருக்கு. நாளைக்கு ஓட்டிட்டு வரட்டும். நல்லது வந்தப்பறம் மாத்திக்க."

"பின்னாடி பிடிக்கும், முன்னாடி நழுவும். வளைவுல திருப்பினா நேராப் போகும். பந்தயக் குதிரைக்கு மாட்டு லாடமா அடிப்பாங்க?"

"குதிரை வேகமாப் போனாத்தானே அந்தக் கதை? அவரு மெதுவா ஓட்டிட்டு வரட்டும்."

"மெதுவா ஓட்டறதுக்கா பதினோரு வருஷம் காத்திருந்தான்?"

இக்கேள்விக்கு எவரிடமும் விடையில்லை என்று அப்போது எண்ணினேன். தம்பியின் மனைவியிடம் இருந்தது.

"மாமா, எழுத்தைப் பாக்கற கண்ணு உங்களுக்கு நல்லாவே இருக்கு. ஆளைப் பாக்கற கண்ணை எங்க வெச்சீங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து சென்றாள். நான் கிடங்குக்குப் பேசினேன். குறியற்ற முன்சக்கர டயர் இரண்டும் வேறொரு நகரிலிருந்து வரவேண்டும், ஞாயிறு விடுமுறை, செவ்வாய்க்கிழமை கட்டாயம் வரும் என்றார்கள். செவ்வாய் என்றால் மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் மிச்சமிருக்கும் என்று கணக்கிட்டேன். அக்கணக்கில் பிழையில்லை. நட்சத்திரம் பொறித்த இரண்டையும் என் கையாலேயே வேனில் ஏற்றினேன்.

பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பதினொரு டிகிரி; பத்து மணிக்குப் பதினேழு. துளி மேகமில்லை. சாலை எலும்புபோல் உலர்ந்து கிடந்தது. இத்தொழிலில் இருபத்தாறு ஆண்டுகளில் அத்தகைய நாளை நான் பலமுறை கண்டதில்லை.

தம்பி தொலைபேசியில் கடையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். வாடகைக் காரிலிருந்து இறங்கி, ஊன்றுகோல்களோடு வரிசையில் கடைசி வேலையிடத்துக்குச் சென்று, ஸ்டாண்டுகளின் மேல் நின்ற தன் காரின் கதவைத் திறந்தான். உயரத்தில் இருந்தமையால் அவனால் ஏற இயலவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். சிறு வயதில் அவனைத் தூக்கியதற்குப் பிறகு அன்றுதான் தூக்கினேன். எடை மிகவும் குறைந்திருந்தது.

"டயர் இல்லடா."

"தெரியுமே. நான் என்ன குருடா? கால்தானே போகப்போகுது."

எஞ்சினை இயக்கினான். இடது காலால் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டான். மெல்ல விட்டான். டயரும் ரிம்மும் இல்லாத வெறும் பின்னச்சுகள் காற்றில் சுழன்றன. மீண்டும் மிதித்தான், இரண்டு. மீண்டும், மூன்று. ஐந்து கியர்களும் ஏறினான். ஐந்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கினான். நான் பக்கத்தில் நின்று அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நடுங்கியது, ஆயினும் ஒவ்வொரு முறையும் மிதி தரைவரை சென்றது. அவன் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கின் நுனிக்கு வந்து சொட்டியது.

"இப்ப எட்டாவது வளைவு. இடது பக்கம் பள்ளம்" என்றான், கண்ணாடிக்கு வெளியே இருந்த கடைச் சுவரைப் பார்த்தபடி.

அரைமணி நேரம் ஓட்டினான். பன்னிரண்டாவது வளைவைச் சொல்லவில்லை; பத்தோடு நிறுத்திவிட்டான்.

"கால் சொன்னபடி கேக்குதுண்ணா. இன்னும் கேக்குது."

"செவ்வாக்கிழமை மாட்டிடுவேன்."

"சரி."

"நாலும் ஒரே வாரத்துல செஞ்சது. ஒரே கலவை. உனக்கு அப்பத் தெரியும் வித்தியாசம்."

"சரிண்ணா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவனை இறக்கி வாடகைக் காரில் ஏற்றினேன். வெயில் மாலை ஆறு வரை அவ்வாறே இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தொடங்கிய மழை நிற்கவில்லை. டயர்கள் வரவேண்டிய நகரின் நெடுஞ்சாலையில் மண் சரிந்து லாரிகள் நின்றுவிட்டன என்று கிடங்குக்காரர் கூறினார். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறையும் இரண்டு மணிக்கு ஒருமுறையும் அவரை அழைத்தேன். "நானா மழை பெய்யறேன்?" என்றார் இரண்டாம் முறை. மூன்று மணிக்கு நான் எவரிடமும் சொல்லாமல் ஏணியில் ஏறி, அடுக்கிலிருந்து சாதா டயர்கள் இரண்டை இறக்கினேன். பேலன்ஸ் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். தம்பி வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். அவன் மனைவி எடுத்தாள்.

"மாட்டி வெக்கறேம்மா. சாதா டயர்தான். மழை விட்டதும் வரச் சொல்லு."

"இன்னிக்கு எழுந்திருக்கவே இல்ல மாமா. காலைத் தொட்டாலே கத்தறாரு. ஊசி போட்டிருக்கு, தூங்கறாரு."

"நாளைக்கு?"

"நாளைக்கு மூணு மணிக்கு அங்க இருக்கணும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இறக்கிய சாதா டயர்களை மீண்டும் அடுக்கில் ஏற்றினேன். வேறு எதுவும் செய்வதற்கில்லை.

பதினெட்டாம் நாள், புதன்கிழமை. மழை இரவோடு நின்றிருந்தது. ஒன்பது டிகிரி, சாலை ஈரம். ஒன்பது ஐம்பதுக்கு வேன் வந்தது. முன்சக்கர டயர்கள் இரண்டும் 4825. நட்சத்திரம் இல்லை. சுமை, வேகம், அளவு அனைத்தும் சரி. நான் கேட்டபடியே, ஒரு குறையுமின்றி வந்திருந்தன. ரிம்களில் ஏற்றி, காற்று நிரப்பி, பேலன்சிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் மூன்று முறை சுழற்றிப் பார்த்து, கடைசி இரண்டரைக் கிராமையும் விடாமல், எடை சமன்பட ஈயத்துண்டு ஒட்டினார். பதினொன்றரைக்குக் கார் தன் சக்கரங்களில் நின்றது. அது எவ்வளவு அழகாக நின்றது என்பதை எழுத எனக்குச் சொற்கள் தெரியும்; எழுத மனமில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குத் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். வாடகைக் காரின் பின்னிருக்கையில் மருத்துவமனைப் பை இருந்தது. மலையடிவாரம் இருபது கிலோமீட்டர். ஏறி இறங்கி, அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குச் சென்றால் மூன்று மணிக்குள் சென்றுவிட இயலும். இதனை நான் காகிதத்தில் எழுதிப் பார்த்து வைத்திருந்தேன்.

தம்பியின் முகம் மூன்று நாட்களில் மாறியிருந்தது. ஆயினும் டயர்களைக் கண்டதும் ஊன்றுகோலின் நுனியால் ஒன்றைத் தட்டினான்.

"வாத்தியார் பாஸ் போட்டுட்டாரா?"

"போட்டாச்சுடா."

அவன் உட்கார்ந்தான். மனைவி பக்கத்து இருக்கையில் ஏறவில்லை, கதவருகே நின்றாள். எஞ்சினை இயக்குவதற்காகக் கிளட்சின் மேல் காலை வைத்தான். மிதித்தான். மிதி பாதிவரை சென்று நின்றது. அவன் வாயிலிருந்து வந்த ஒலியை நான் இங்கு எழுதப்போவதில்லை. சிறிது பொறுத்து, இடது கையால் முழங்காலைப் பிடித்துக் கீழே அழுத்தினான். மிதி தரையைத் தொட்டது. எஞ்சின் இயங்கியது. கியரைப் போட்டான். காலை மெல்ல எடுக்க வேண்டும். அதுவே கிளட்சின் இலக்கணம். அவனால் மெல்ல எடுக்க இயலவில்லை. கால் தானாகவே துள்ளி மேலே வந்தது. கார் ஒருமுறை குலுங்கி முன்னே பாய்ந்து நின்றது.

"ஈரம் ஏறின மாதிரி இருக்குது, அதான்" என்றார் பேலன்ஸ், பொருளில்லாமல்.

இரண்டாம் முறையும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் முறை கியரே விழவில்லை. நான்காம் முறை அவன் இரு கைகளாலும் முழங்காலைப் பிடித்து, வளையத்தை விட்டுவிட்டு, மிதியை நூல் நூலாக உயர்த்தினான். கார் உருண்டது. கடையின் வாசற்படியைக் கடந்து முன்சக்கரங்கள் வெளியே ஈரத் தரையில் இறங்கின. பின்சக்கரங்கள் உள்ளேயே இருந்தன. அங்கே எஞ்சின் இறுதியாக ஒருமுறை அதிர்ந்து நின்றது. பதினோர் அடி இருக்கும்.

"போதுங்க" என்றாள் அவன் மனைவி.

அவன் நெற்றியை வளையத்தின் மேல் வைத்துக்கொண்டான். நான் கண்ணாடியருகே குனிந்தேன்.

"நான் ஓட்டறேன்டா. நீ பக்கத்துல உக்காரு. பன்னண்டு வளைவும் போயிட்டு வரலாம்."

"வேணாம்ணா."

"நேரம் இருக்கு. கணக்குப் போட்டுட்டேன்."

"உன் கணக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கும்." அவன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "டயர் நல்லா இருக்குண்ணா. நெசமாவே. இந்தப் பதினோரு அடியிலயே தெரியுது."

"ஞாயித்துக்கிழமையே நான்..."

"விடு. அதைச் சொல்லாதே."

நியூட்ரலில் போட்டு மீண்டும் ஒருமுறை எஞ்சினை இயக்கினான். அதற்குக் கிளட்ச் தேவையில்லை. கண்களை மூடி, அது ஓடும் ஒலியைச் சற்று நேரம் கேட்டான். பிறகு கதவைத் திறந்தான். பேலன்ஸும் நானும் அவனை இருபுறமும் தாங்கி வாடகைக் காருக்குக் கொண்டுசென்றோம். அவன் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை நகர்த்தி அவனுக்கு இடம் செய்தாள். அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன். இடமில்லை என்றாள். முன்னிருக்கை காலியாக இருந்தது.

வாடகைக் கார் முனையில் திரும்பும்வரை நின்றேன். பின்னால் வாசலை அடைத்தபடி நின்ற தம்பியின் காரில் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. டயர் மாற்ற வந்த வண்டிக்காரர் ஒருவர் உள்ளே வர வழியின்றி ஒலியெழுப்பினார். நான் சென்று, திறந்திருந்த கதவு வழியாகக் கையை நீட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். அப்பொழுது பிற்பகல் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம்.